வெர்லேனின் சருகும் நக்கீரரின் வாடையும்

செய்யுளைப் படித்துப் பொருள் சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது என்று கருதும் வழக்கம் நம் பள்ளிகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. யானும் இளமையில் அவ்வாறே கற்பித்தவன்தான். 'செய்யுளும் மொழியணியும்' என்னும் பகுதி வரும்போது மாணவன் எழுந்து நின்று மூதுரைச் செய்யுளை ஒப்பிப்பான், வாய் மூடுமுன் ஆசிரியர், "பொருள்?" என்பார். பையன் பொருளையும் மனனஞ் செய்தே வந்திருப்பான். ஓசையைப் பற்றி ஒரு கேள்வியேனும் எழாது. அண்மையில் இளைய ஆசிரியை ஒருவர், "ஓசை தேர்வுக்கு வராதே ஐயா, அதற்கு எதற்கு நேரம்?" என்று கேட்டார். அவருக்கு அன்று தக்க விடை கூற என்னால் இயலவில்லை. தமிழ்ச் செய்யுளைக் காட்டி விளக்கினால் பொருள் முந்திக்கொண்டு வந்து ஓசையை மறைத்துவிடுகிறது. ஆகவே, நம்மில் பெரும்பாலோர்க்குப் பொருளே விளங்காத மொழியில் அமைந்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம் என்று தோன்றியது.

அப்பாட்டு பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேன் பாடிய இலையுதிர்காலப் பாட்டு. 1844இல் மெட்சு நகரில் பிறந்து 1896இல் பாரிசில் மறைந்த அவர், தம் இருபத்திரண்டாம் வயதில், 1866இல் வெளியிட்ட முதல் நூலில் இது இடம்பெற்றது. சனிக்கோளின் ஆட்சிக்கு உட்பட்டோர் பாடல்கள் என்னும் பொருள்பட அந்நூலுக்குப் பெயரிட்டார். சனி பிடித்தவன் படும் பாட்டை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை! யான் பிரெஞ்சு கற்றவன் அல்லன். ஒலிப்பதிவைப் பன்முறை கேட்டும், அகராதியைத் துணைக்கொண்டு சொல் சொல்லாகப் பிரித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன். செவிக்குப் புலப்படுவன பற்றியே பேச்சாதலின் அதுவே போதும் எனத் துணிந்தேன்.

பாட்டு மிகச் சிறிது. ஆறு அடிகள் கொண்ட மூன்று பகுதிகள். ஆகப் பதினெட்டு அடிகள். முதற்பகுதியில் பருவத்தின் ஓசை நெஞ்சைத் தாக்குகிறது. அடுத்ததில் மணி ஒலிக்கக் கேட்டுப் பழைய நாட்களை எண்ணிக் கலங்குகிறான். இறுதியில் காற்றில் அகப்பட்ட சருகாக அலைந்து போகிறான். இவ்வளவே செய்தி. பொழிப்புரை எழுதினால் நான்கு வரிக்கு மேல் வாராது; அந்நான்கு வரியும் எந்தப் பள்ளி மாணவனும் எழுதக்கூடியனவாகவே இருக்கும். பொருள் இவ்வளவு எளிதாயின், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாட்டார் இதனை நெஞ்சில் வைத்திருப்பது எதனால்?

பிரெஞ்சு யாப்பு நம் யாப்பைப் போல நேரசை நிரையசை கொண்டு சீர் அமைப்பதன்று. உயிரொலி ஒன்றுக்கு ஓர் எண்ணாக எண்ணிச் செல்வது. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரில் தொடங்கும் அடிக்குப் பதினாறும் நிரையில் தொடங்கும் அடிக்குப் பதினேழுமாக நாம் எழுத்தெண்ணிப் பாடுகிறோம் அன்றோ? அதனோடு ஒருவாறு ஒப்பிடலாம். வெர்லேனின் பாட்டில் முதலிரண்டு அடிகள் நான்கு நான்கு அசை, மூன்றாவது மூன்றசை. மீண்டும் நான்கு, நான்கு, மூன்று. முதலடியும் இரண்டாமடியும் இயைபு. நான்காமடியும் ஐந்தாமடியும் இயைபு. மூன்றாமடி ஆறாமடிக்காகக் காத்திருந்து அதனோடு இயைகிறது.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் செவிக்குப் பன்னீரசை அடியே அரசடி. அவர்தம் நாடகங்களும் பெருங்கவிதைகளும் அவ்வடியில் நடப்பன. வெர்லேனின் அரைப்பகுதியை எண்ணிப் பாருங்கள்: நான்கும் நான்கும் மூன்றும் பதினொன்று. பழகிய செவி பன்னிரண்டை எதிர்பார்க்கிறது, ஒன்று குறைகிறது. ஒவ்வொரு மூன்றாமடியிலும் படிக்கட்டில் ஒரு படி இல்லாததைக் கால் உணர்வதுபோல ஒரு தடுமாற்றம் ஏற்படுகிறது. இது என் கருத்தே. ஆயினும் வெர்லேன் பின்னாளில், 1874இல் மோன்சுச் சிறையில் இருந்தபோது, பாட்டியல் பற்றி ஒரு பாட்டு எழுதி, கவிதைக்கு இசையே தலைமை என்றும் ஒற்றைப்படை அசையெண்ணே சிறப்பு என்றும் வாதிட்டார். இருபத்திரண்டு வயதில் செவி செய்ததை முப்பது வயதில் அறிவு கொள்கையாக்கியது என்க.

இனி, அந்த மூன்றசை அடிகளின் இறுதியைக் கவனிக்க வேண்டும். நான்கசை அடிகள் யாவும் முழு ஒலியோடு முடிகின்றன. மூன்றசை அடிகள் ஆறும் எழுத்தில் 'எ' என்னும் உயிரைப் பெற்று, அவ்வுயிர் ஒலிக்கப்படாமலோ அரைகுறையாக ஒலிக்கப்பட்டோ தேய்ந்து மறையுமாறு முடிகின்றன. அடி இறுதியில் நிற்கும் அவ்வுயிர் அசைக்கணக்கில் சேராது. தமிழாசிரியர்க்கு இதனை விளக்க ஒரு சொல் போதும்: குற்றியலுகரம். ஒரு மாத்திரை அரையாகக் குறுகும் நம் உகரம், தளை கெடும் இடத்தில் அலகு பெறாமல் ஒதுங்கும் என்று காரிகை கற்றார் அறிவர். எழுத்தில் இருக்கிறது, கணக்கில் இல்லை, செவியில் பாதி இருக்கிறது. வெர்லேன் தம் குறுகிய அடிகளுக்கெல்லாம் இத்தகைய முடிவையே வைத்தார். அடியும் குறுகியது, இறுதி உயிரும் தேய்கிறது. நரம்பை மீட்டிவிட்டு விரலை எடுத்தபின் நிற்கும் ஒலி போல்வது அது.

மெல்லொலிகளை எண்ணினேன். பிரெஞ்சில் மூக்குவழி ஒலிக்கும் உயிர்கள் சில உண்டு. 'ன்', 'ம்' என்று எழுத்தில் இருக்கும். ஆனால் மெய்யாக ஒலிக்காமல் முன்னுள்ள உயிரை மூக்கில் ஏற்றிவிட்டுப் போய்விடும். இவற்றை ஆங்கிலம் கற்றோர் ஒலிக்கத் திணறுவர். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அஃது எளிது. 'மரம்' என்பதைப் பேச்சில் எவ்வாறு முடிக்கிறோம்? 'வீட்டுக்குப் போறேன்' என்னும்போது இறுதி னகரம் எங்கே போகிறது? உதடும் நாவும் தொடாமல் மூக்கில் கரைகிறதே, அதுதான். முதற்பகுதியின் இருபத்திரண்டு அசைகளில் இத்தகைய மூக்குயிர் ஐந்து. இரண்டாம் பகுதியிலும் ஐந்து. மூன்றாம் பகுதியில் மூன்று. அம்மூன்றும் அப்பகுதியின் முன்பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. கடைசி மூன்று அடிகளில் ஒன்றுகூட இல்லை!

பொருள் கூறாமல் இப்பாட்டின் ஒலிப்பதிவை ஆறாம் ஆண்டு வகுப்பில் போட்டுக் காட்டினேன். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது ஒரு சிறுமி, "யாரோ மூக்கடைச்சுக்கிட்டு அழுவுற மாதிரி இருக்கு ஐயா" என்றாள். வகுப்பே சிரித்தது. யான் சிரிக்கவில்லை. அழுகையைக் குறிக்கும் சொல்லொன்று பாட்டின் தொடக்கத்திலேயே இருப்பதை அவள் எவ்வாறு அறிவாள்?

தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் இருபது வண்ணங்களை நாம் தேர்வுக்குப் பட்டியலாகப் படித்து மறந்துவிட்டோம். அவை இத்தகைய இடத்தில் எவ்வளவு பயன்படுகின்றன என்பதை எண்ணி வியந்தேன். மூக்கொலியும் லகரமும் விரவி இழுத்துச் செல்லும் முதற்பகுதியை மெல்லிசை வண்ணத்தின்பாற் படுத்தலாம். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் மூச்சுத் திணறலைச் சொல்லும்போது தகரமும் ககரமும் வந்து முட்டுகின்றன; சொற்கள் நின்று நின்று வருகின்றன. அறுத்தறுத்துச் செல்லும் அகைப்பு வண்ணம் என்று இதனைத் தயங்காமல் கூறலாம். மூன்றாம் பகுதியில் வகரமும் மகரமும் மாறி மாறி வந்து காற்று வீசத் தொடங்குகிறது. மூக்குயிர் நின்றபின் 'ஆ' என்னும் திறந்த ஒலி அடுத்தடுத்து வருகிறது. நான்காம் ஐந்தாம் அடிகளின் எட்டு அசைகளில் ஐந்து அதுவே. அடைத்திருந்த மூக்கு திறந்து வாய் விரிகிறது. அழுது முடித்தவன் கனமற்றுப் போகிறான் என்பதைச் சொல் சொல்லவில்லை, உயிரெழுத்து சொல்கிறது.

அவ்வைந்தாம் அடி எங்கே முடிகிறது என்பதும் நோக்கத்தக்கது. பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்குமுன் ஒட்டி நிற்கும் 'லா' என்னும் சிறு இடைச்சொல்லில் அடி முடிந்து, பெயர் அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. நாம் சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்போம்; பெரும்பாலும் அதனைக் குறையாகவே கருதுவோம். இங்கே அப்பிளவே அணி. தாங்க யாருமின்றி அந்தரத்தில் தொங்கும் அவ்விடைச்சொல், காம்பு விட்ட இலை தரைக்கு வருமுன் உள்ள கணம். அடுத்த அடியில்தான் இலை வருகிறது. அதுவும் இறந்த இலையாக.

குறையும் சொல்லவேண்டும். இரண்டாம் பகுதியின் இறுதியில் தான் அழுவதாக அவன் வெளிப்படையாகவே கூறிவிடுகிறான். ஓசை முன்பே சொன்னதைச் சொல் மீண்டும் சொல்கிறது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுத்தது. அவற்றுள் அசைவாவது பண்டை நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்பர் உரையாசிரியர். வெர்லேனுடையது அசைவின்பாற் பட்டதே. ஆயினும் கெட்ட பண்டை நிலை யாது என்பதை அவர் ஒரு சொல்லாலும் குறிக்கவில்லை. காரணமற்ற துயரம் இளமையின் ஆடம்பரம் என்று கருதுவாரும் உளர். எனக்கும் சில வேளைகளில் அவ்வாறே தோன்றுகிறது.

ஓசைக்கும் பொருளுக்கும் உள்ள உறவைச் சோதித்துப் பார்த்ததுபோல ஒரு நிகழ்ச்சி உண்டு. 1941இல் சார்ல் திரெனே என்னும் பாடகர் இப்பாட்டை இசையமைத்துப் பாடியபோது முதற்பகுதியில் ஒரு வினையை மாற்றினார். 'புண்படுத்துகின்றன' என்னும் பொருளுடைய சொல்லை எடுத்துவிட்டு, 'தாலாட்டுகின்றன' என்னும் பொருளுடைய சொல்லை வைத்தார். பொருள் தலைகீழாயிற்று. ஓசையோ ஏறக்குறைய அதுவே. முதலும் இறுதியும் ஒத்து, இடையில் லகரம் போய் ரகரம் வந்தது. புண்ணும் தாலாட்டும் ஒரே மெட்டில் அடங்கின. மூன்றாண்டு கழித்து, 1944 சூன் மாதம், நார்மண்டியில் நேசப்படை இறங்கும் செய்தியைப் பிரான்சிலுள்ள மறைமுகப் போராளிகளுக்கு உணர்த்த பிபிசி வானொலி இப்பாட்டின் முதற்பகுதியை இரு கூறாக்கி ஒலிபரப்பிற்று. முதல் மூன்று அடி சூன் 1ஆம் நாள். அடுத்த மூன்று 5ஆம் நாள் இரவு. பொருள் அங்கே ஒரு பொருட்டே அன்று. தண்டவாளத்தைத் தகர்க்கக் காத்திருந்தவனுக்கு இலையுதிர்காலத்தைப் பற்றிய கவலை ஏது? ஆனால் மூன்றாமடி காத்திருந்து ஆறாமடியோடு இயையும் பாட்டு அது. முற்பாதியைக் கேட்ட செவி பிற்பாதிக்காகத் தானே ஏங்கும். அடையாளச் செய்தியாக இதைத் தேர்ந்தவர் அதை எண்ணினாரோ, அறியேன்.

சப்பானியர் உயேதா பின் 1905இல் தம் மொழிபெயர்ப்புத் தொகுதியில் இப்பாட்டைச் சேர்த்தார். நான்கும் மூன்றுமாகிய எண்ணை அவர் பின்பற்றவில்லை. ஐந்தும் ஏழுமாக எண்ணும் தம் நாட்டு மரபிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்து, எல்லா அடியையும் ஐந்தசையாக்கினார். அம்மொழிபெயர்ப்பு சப்பானியத்தில் தனிப் பாட்டாகவே நிலைத்துவிட்டது. அவர் செய்தாரே, நாமும் செய்தால் என்ன என்று யானும் சில இரவுகள் முயன்றேன். முதற்சொல்லிலேயே இடறிற்று. பிரெஞ்சில் இப்பருவத்தின் பெயர் இரண்டே அசை. 'இலையுதிர்காலம்' என்று நாம் எழுதினால் உயிரொலி ஆறு! வெர்லேனின் ஓரடியை அந்த ஒரு சொல்லே விழுங்கி ஏப்பம் விடுகிறது. 'கூதிர்' என்று வைத்தால் ஓசை அளவு பொருந்தும், நெட்டுயிரும் உண்டு. ஆனால் பொருள் பொருந்தாது. ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர், மழையும் வாடையும் உள்ள பருவம். இலை உதிரும் பருவம் அன்று. முயற்சியைக் கைவிட்டேன்.

கைவிட்டபோதுதான் நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. நக்கீரனார் பாடிய 188 அடிகள் கொண்ட ஆசிரியப்பா அது, உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது அச்சில் தமிழுலகுக்குக் கிடைத்தது. கூதிர்ப் பருவத்துக்கு நம்மிடம் உள்ள தலைசிறந்த பாட்டு அதுவே. வெர்லேனுக்கு நேர்மாறான வழியில் அது செல்கிறது. அவர் குறுகிய அடியில் முறிக்கிறார். இவர் முறிக்காமலே போகிறார். தொடக்கத்தில் விலங்கும் பறவையும் குளிரால் படும் துன்பத்தைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள்: மறப்ப, கூர, வீழ, ஒழிய. எல்லாம் எச்சங்கள், எல்லாம் அகரத்தில் முடிவன. விலங்கு மேய மறக்கிறது, குரங்கு ஒடுங்குகிறது, பறவை விழுகிறது, பசு கன்றை உதைத்துத் தள்ளுகிறது. ஒவ்வொன்றும் முடிந்துவிட்டதுபோல் தோன்றி முடியாமல் அடுத்ததற்குச் செல்கிறது. முற்றுவினைக்காக நாம் காத்திருக்கிறோம். மழை விடுவதற்குக் காத்திருப்பதுபோல. மாணவர்க்கு இப்பகுதியைப் பதம் பிரித்து முற்றுவினையாக்கிச் சொல்லிக்கொடுக்கும்போது பொருள் விளங்கிவிடுகிறது, மழை நின்றுவிடுகிறது.

இரு பாட்டுக்கும் இடையே யான் எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. வெர்லேனின் பருவமே வயலினாக அழுகிறது. நக்கீரரிடத்தும் நரம்புக்கருவி இருக்கிறது. குளிரால் யாழின் நரம்பு இறுகி இன்குரல் திரிந்துபோக, ஆடல் மகளிர் அதனைத் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்கு இணக்குகின்றனர். அங்கே கருவி உவமை. இங்கே கருவி கருவியே. ஐரோப்பியக் கவிஞனுக்குக் காற்று நெஞ்சில் இசைக்கிறது. நம் புலவர்க்குக் காற்று இசையைக் கெடுக்கிறது. உடம்பின் சூடு அதனை மீட்கிறது. எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற யான் வரவில்லை. ஆனால் வகுப்பில் எதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் மலர்கிறது என்று கேட்டால், யாழைத்தான் சொல்வேன்.

மற்றொன்று. வெர்லேனின் பாட்டில் 'நான்' வந்துகொண்டே இருக்கிறது. நெடுநல்வாடையில் அரசி கண்ணீர் துளிக்கிறாள். அரசனோ நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட மறவரைக் காண நடந்து செல்கிறான். பாடுவோன் எங்கும் இல்லை. துயரத்தின் காரணமும் இங்கே ஒளிக்கப்படவில்லை: அவன் அங்கே, அவள் இங்கே. வாடை அடிக்குந்தோறும் விளக்கின் சுடர் தெற்கே சாய்கிறது என்று ஒரு காட்சி. காற்று வடக்கிலிருந்து வருகிறது என்பதைச் சுடர் சொல்லிவிடுகிறது. இத்தகைய கண்ணுக்கு வெர்லேன் இணையாகார் என்றே சொல்வேன். பெயர் சுட்டாத இப்பாட்டை, வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிவிடுகிறது என்று நச்சினார்க்கினியர் புறத்தில் சேர்த்ததும், அதன்மேல் புலவர் நடத்திய போரும் தனிக்கதை.

நமக்கு இலையுதிர்காலம் இல்லை என்று பாடநூல்கள் கூறும். பேராக்கில் வாழ்ந்த தோட்டத்துத் தமிழர் அதனை ஒப்பமாட்டார்கள். கோலாகங்சாரில் 1877இல் நடப்பட்ட பால்மரங்களின் வழிவந்த காடுகளில், ஆண்டுதோறும் தை, மாசி வறட்சியில் இலை செம்மையும் மஞ்சளுமாகப் பழுத்து உதிரும். ஐரோப்பாவில் குளிர் வருமுன் உதிர்ப்பது. இங்கே வெயிலில் உதிர்வது. அந்நாட்களில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். இலை விழும் காலத்தில் கடைப்பற்று ஏறும் என்பது வெட்டுக்கு நின்ற ஒவ்வொரு குடும்பமும் அறிந்தது. அழுகைக்கு நிலைக்களன் நான்கனுள் வறுமையும் ஒன்றென்று தொல்காப்பியர் எழுதிவைத்தது வீண்போகவில்லை. இன்று பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. அம்மரம் இவ்வாறு ஒருசேர இலை உதிர்ப்பதில்லை.

எங்கள் பள்ளிக்கு அருகில் சில நிரை பால்மரங்கள் எஞ்சியுள்ளன. சென்ற மாசியில் அவ்வாறாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, கண்ணை மூடிக்கொண்டு இலையின் ஓசையைக் கேட்கச் சொன்னேன். அவ்விளைய ஆசிரியையும் உடன் வந்தார். சற்று நேரத்தில், "சரசரன்னு கேக்குது ஐயா" என்றான் ஒருவன். மூக்கடைப்பைச் சொன்ன சிறுமி மறுத்தாள்: "அது நீ மிதிக்கிற சத்தம். விழுறப்போ சத்தமே இல்ல." வெர்லேனின் கடைசி மூன்று அடிகளில் மூக்கொலி ஏன் நின்றுபோகிறது என்று வீட்டில் பல நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் யான். ஆசிரியை ஒன்றும் பேசாமல் தம் பாடக்குறிப்பேட்டைத் திறந்து அதனை எழுதிக்கொண்டார்.